வெறும் மண்ணாகக் கூடாத தோட்டம்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. மண்வெட்டி பிடித்துப் பழகிய விரலில் பேனா நிற்பதில்லை. எழுத்து ஒரு வரியில் மேலே ஏறுகிறது, அடுத்த வரியில் கீழே சரிகிறது. ரகரம் எங்கே, றகரம் எங்கே என்று இன்னும் எனக்குச் சந்தேகம்தான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடிதான் சொல்லியிருக்கிறேன். அதை யாரும் திருத்த வேண்டாம்.

ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள், கண்டிச்சீமையில் என்ன பார்த்தாய் என்று. நாலு பேர் முகம் என்னைப் பார்த்துத் திரும்பினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

என் தங்கை வள்ளியம்மை கல்யாணமான வருஷமே புருஷனோடு கண்டிச்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. யாரையாவது பிடித்து எழுதச் சொல்லி அனுப்புகிற கடிதம் ஒவ்வொன்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: அண்ணன் வரும்போது நம் ஊர் விதை கொண்டு வரவும். காவிரிக் கரையில் காய்கறி போட்டுப் பிழைக்கிறவன் நான். மொச்சை, கொத்தவரை, பாகல், வெண்டை நாலிலும் நல்ல காயாக முற்ற விட்டு, விதை எடுத்து, சாம்பலில் புரட்டி, துணியில் முடிந்து எடுத்துக்கொண்டேன். ஆனி மாதம் புறப்பட்டேன். ஆடி பிறந்து வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் திரும்பிவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தேன்.

கடல் தாண்டுவதற்கு முன்னால் ஒரு முகாமில் எங்களை அடைத்து வைத்தார்கள். நோய் ஒட்டாமல் இருக்க வேண்டும் என்று எல்லார் துணி மூட்டையையும் வாங்கி ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் போட்டு ஆவியில் அவித்தார்கள். என் மூட்டைக்குள் விதை முடிச்சு இருந்தது. சொல்லலாமா என்று யோசித்தேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. மூட்டை திரும்பி வந்தபோது மொச்சை ஊதிப் பெருத்து, தாளித்துச் சாப்பிடலாம் போல இருந்தது. காய வைத்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விவசாயி தன்னையே ஏமாற்றிக்கொள்ள ஆரம்பித்தால் அதற்கு மருந்து கிடையாது.

கடல் தாண்டிய பிறகு ஏறிய ரயில் அப்புத்தளை மலையில் நின்றபோது தேநீர் குடிக்க இறங்கினேன். மூடுபனியில் அடுத்த பெட்டி கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனி மாதத்தில் பல் கிட்டுகிற குளிர். கையில் கொடுத்த தேநீரை நான் ஊதிக் கொண்டிருக்கும்போதே ரயில் ஊதிவிட்டது. குவளையோடு ஓடினேன். கடைக்காரர் பின்னால் ஓடி வந்து, "தேத்தண்ணி போனாப் போகட்டும், கோப்பையக் குடுத்துட்டுப் போங்க" என்று ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டார். பாதிச் சூடு என் வேட்டியில்.

ரயில் முடிகிற இடத்திலிருந்து மாட்டு வண்டி. வண்டி நிறையக் கருவாட்டுச் சாக்கு, அதன் மேல் நான். மலைச் சரிவில் கடையாணி கழன்று சக்கரம் ஒரு பக்கம் போக, சாக்குகள் பள்ளத்தில் உருண்டன. வண்டிக்காரர் சிங்களவர். தலையில் கை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். கூட வந்த ஒருவர் எனக்குச் சொன்னார்: "மாட்டுக்கு இருக்குற புத்தி சக்கரத்துக்கு இல்லையாம், மாடு நின்னிருச்சு பாருங்கன்னு சொல்றார்." மூன்று பேரும் சாக்கைச் சுமந்து மேலே ஏற்ற மத்தியானம் ஆகிவிட்டது.

ஹாலிஎல என்ற ஊருக்கு மேலே மலை முதுகில் இருந்தது வள்ளியின் லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து அறை. அறைக்கு ஒரு குடும்பம். எங்கள் ஊரில் மாட்டுக்குக் கட்டும் கொட்டில் இதைவிட அகலம். வாசலில் நின்றவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், அழுதாள், பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"விதை கொண்டு வான்னா கருவாட்டு வாடையக் கொண்டு வந்திருக்கியே அண்ணே."

அவள் புருஷன் ராமையா சிரித்தார். "உள்ள வாங்க மச்சான். வாடைக்கே அரைப்படிச் சோறு எறங்கும்." தேயிலைச் செடியின் கிளையைக் கழிக்கிற கவ்வாத்து வேலை அவருக்கு. முழங்கை வரைக்கும் கீறல். ஒரே மகளை ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டு, இப்போது அறையில் இவர்கள் இருவர் மட்டும்.

அன்று குரக்கன் ரொட்டி, தேங்காய்ச் சம்பல், பீன்ஸ் கறி. குரக்கன் என்றால் நம் கேழ்வரகுதான். கறியை வாயில் வைத்தவுடன் தெரிந்தது, காலையில் பறித்த காய் என்று. நான் காய் விளைவிக்கிறவன், எனக்குத் தெரியும். சாயத் தண்ணீர் மாதிரி ஒரு தேநீர் கொடுத்து, கடித்துக்கொள்ளக் கருப்பட்டித் துண்டு ஒன்று கையில் வைத்தார்கள். மூன்று தடவை வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் விடிவதற்கு முன் தப்புப் பறை அடித்தார்கள். எல்லாரும் பெரட்டுக்குப் போனார்கள். காலையில் ஆள் எண்ணி வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்குப் பெயர் பெரட்டு. எனக்கு வேலை இல்லை. லயத்துக்குப் பின்னால் இறங்கிப் பார்த்தேன். அங்கேதான் வள்ளியின் தோட்டம்.

நம் ஊர்க் களத்துமேடு எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். மானாப் புல்லும் கல்லுமாகக் கிடந்த சரிவை இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டித் திருத்தியது. மேலே தேயிலை, கீழே ஓடை, இரண்டுக்கும் நடுவில் இது. கல்லையெல்லாம் பொறுக்கி வரப்பாக அடுக்கியிருந்தார்கள். தையில் உருளைக்கிழங்கு, பங்குனியில் பீன்ஸ், மழைக்கு முட்டைக்கோசும் நோக்கல் என்கிற நூல்கோலும் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் கண்ணால் பார்த்தபோது பிடிக்கவில்லை. பீன்ஸ் கொடிக்கு அடியில் முள்ளங்கி. முள்ளங்கிக்கு இடையில் கோசு நாற்று. முற்றியதும் பிஞ்சும் ஒரே பாத்தியில். மண்ணுக்கு மூச்சு விட இடமில்லை. நம் ஊரில் கோடையில் ஒரு மாதம் நிலத்தை உழுது வெயிலுக்குத் திறந்து போடுவோம். இவள் ஒரு நாளும் திறக்கவே இல்லை போலிருக்கிறது.

"என்ன புள்ள, இப்படி நெருக்கியிருக்கே?" என்று மட்டும் கேட்டேன்.

"இங்க ஒண்ணப் புடுங்கினா ஒண்ணு நடணும்ண்ணே" என்றாள். பழக்கத்தைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மேலே கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ராமையாவும் நானும் பீன்ஸ் சாக்கைத் தலையில் வைத்து வதுளைக்கு நடந்தோம். சந்தையில் பாதி சிங்களம், பாதி நம் பேச்சு. சிங்களம் தெரியாத நான் நடுவில். இரண்டு பெண்கள் ஒரு வாழைத்தாருக்குச் சண்டை போட்டார்கள். ராமையா அதைத் தமிழில் சொன்னார்: "உன் தார் என் விரல் மாதிரி இருக்குன்னு இந்தம்மா சொல்லுது. உன் விரலையே வித்துக்கன்னு அந்தம்மா சொல்லுது." கடை வைத்திருந்தவர் நம் நாட்டுக்காரர். சாக்கைத் திறந்ததும், "இது வள்ளியம்மா பீன்ஸுல்ல. மத்தவங்க தோட்டம் காஞ்சு கெடக்குற மாசத்துலயும் இந்தம்மா தோட்டத்துல என்னமாச்சும் நிக்கும்" என்றார். ராமையா சிரித்துக்கொண்டார். ஏன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

என் விதையை ஒரு மூலையில் போட்டிருந்தேன். ஆறாம் நாள் கிளறிப் பார்த்தால் அழுகிப் போயிருந்தது. நாலு வகையும்தான். வள்ளி, "போனாப் போகுதுண்ணே, நீ வந்ததே போதும்" என்றாள். அந்த வார்த்தை எனக்கு அடித்தது போல இருந்தது. இருபது வருஷம் கேட்டவளுக்கு வெறுங்கையோடு வந்திருக்கிறேன். ஏதாவது செய்து கொடுத்துவிட்டுத்தான் போவது என்று தீர்மானித்தேன்.

சனிக்கிழமை எல்லாரும் வேலைக்குப் போனதும் மண்வெட்டியை எடுத்தேன். பறிக்கக் கூடியதையெல்லாம் பறித்துச் சாக்கில் கட்டினேன். மறுநாள் சந்தைக்கு ஆகும். முற்றாத கோசு நாற்றையும் பிடுங்கினேன், ஒரு மாதம் கழித்துப் புது நாற்றாக வரிசையில் நடட்டும் என்று. பிறகு மேலிருந்து கீழ் வரை கொத்திப் புரட்டினேன். சருகைக் குவித்துக் கொளுத்தினேன். வெயில் சாயும்போது நிமிர்ந்து பார்த்தால் ஒரு புல் இல்லாமல் சிவப்பு மண் பளபளவென்று கிடந்தது. அவ்வளவு அழகாக என் நிலத்தைக்கூட நான் வைத்ததில்லை.

வள்ளி கொழுந்துக் கூடையோடு வந்தாள். பார்த்தாள். கூடையைக் கீழே இறக்காமலே வரப்புக் கல்லில் உட்கார்ந்தாள்.

ராமையாதான் சொன்னார். ஓடை வரைக்கும் தேயிலை போட வேண்டும் என்று மூன்று வருஷமாக, ஆட்களை மேய்க்கிற பெரிய கங்காணி நச்சரிக்கிறார். இவர்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் போய் நின்றார்கள். துரை ஒரு வார்த்தை கொடுத்தார்: பயிர் நிற்கிற வரை தொட மாட்டேன், பயிர் இல்லாத அன்றைக்குத் தேயிலை. அன்றிலிருந்து இந்த மண்ணை ஒரு நாள்கூட வெறுமையாக விட்டதில்லை. ஒன்றைப் பிடுங்கும் முன்பே அதன் காலடியில் அடுத்ததை நட்டுவிடுவாள்.

"மூணு வருசம் கங்காணியால முடியாததை மச்சான் ஒரே நாள்ல முடிச்சிட்டீங்க" என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் சிரிக்கவில்லை.

அதற்குள் பெரிய கங்காணியே மேல் பாதையில் வந்துவிட்டார். கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, கையில் பிரம்பு. புகையைப் பார்த்து வந்திருக்கிறார். தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"யாரு வேலை இது? சுத்தமா இருக்கே. நம்ம ஆளுக இப்படிச் செய்ய மாட்டாங்களே."

"எங்கண்ணன்" என்றாள் வள்ளி.

"நல்ல அண்ணன். திங்கக்கிழமை குச்சி அடிச்சிடலாம்." தேயிலைக் குழிக்கு அளந்து அடிக்கிற முளைக்குச்சியைச் சொன்னார். போய்விட்டார்.

ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன். அவள் முகத்தைப் பார்க்கவே என்னால் முடியவில்லை. அவள்தான் எழுந்தாள்.

"திங்கக்கிழமைன்னுதானே சொன்னாரு? நாளைக்கு ஞாயித்துக்கெழமை. நீ கொத்தினது கொத்தினபடி இருக்கட்டும், நடறதுக்குக் கரை மட்டும் புடிச்சு வைண்ணே."

விடிந்ததும் ஓடைக்குக் கீழே உள்ள சிங்கள ஊருக்குப் போனோம். அங்கே மெனிக்கே என்று ஒரு விதவை. வள்ளியோடு நாற்று மாற்றிக்கொள்கிறவள். வயல் வரப்பு முழுக்க வத்தாளங்கிழங்குக் கொடி விட்டிருந்தாள். நாம் சர்க்கரைவள்ளி என்று சொல்வதுதான். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்து என்னை மேலும் கீழும் பார்த்துச் சிங்களத்தில் என்னவோ சொன்னாள். வள்ளி அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

"என்ன சொல்றாங்க?"

"பன்னி பூந்தாக்கூட வேரையாச்சும் விட்டுட்டுப் போகும்கிறா."

சொல்லிவிட்டு மெனிக்கே கத்தியை எடுத்தாள். ஒரு வரப்பு முழுக்கக் கொடியை அறுத்துக் கட்டுக் கட்டாகக் கட்டினாள். தானே ஒரு கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் மலை ஏறினாள். எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. வள்ளியைக் காட்டி அவள் ஏதோ சொன்னாள், அதற்கும் அர்த்தம் கேட்டேன். "இவ போயிட்டா நான் யார்கூட நாத்து மாத்துறது" என்றாளாம்.

ஒரு சாண் துண்டு, மூன்று கணு மண்ணுக்குள், மேலே நுனி. மாலைக்குள் நாலு பேரும் கீழ் வரப்பு வரை நட்டு முடித்தோம். கோசு நாற்றில் உயிர் இருந்ததை ஓரத்தில் வைத்தோம். அந்த ஊவாச் சீமையில் அந்த மாதங்களில் மழை கிடையாது. மலையைத் தாண்டி வரும் காற்று ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். நட்ட கொடி எங்கள் கண் முன்னாலேயே தலையைத் தொங்கப் போட்டது.

திங்கட்கிழமை காலை பெரிய கங்காணி குச்சிக் கட்டோடு நாலு ஆளையும், குதிரையில் துரையையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் ஓடையிலிருந்து இரண்டு கையிலும் பானையோடு ஏறி வந்துகொண்டிருந்தேன்.

"தொரைக்கு முன்னால தோள்ல துண்டா? எறக்குடா" என்றார் கங்காணி.

இரண்டு கையும் பானையில். இறக்க முடியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கை சும்மா இருந்திருந்தாலும் அன்று இறக்கியிருக்க மாட்டேன். பானையோடு அப்படியே நின்றேன்.

துரைக்கு அவர் பாணியில் தமிழ் வரும். "பயிர் எங்கே?" என்றார்.

"இதாங்க. வத்தாளை" என்றாள் வள்ளி.

"இது நேத்து குத்தி வச்ச குப்பைங்க" என்றார் கங்காணி. "உசிரு இல்லை."

"தொரை சொன்னது பயிர் நிக்கணும்னு. எத்தனை நாள் பயிருன்னு சொல்லலீங்களே" என்றாள் வள்ளி.

துரை பிரம்பால் ஒரு கொடியைத் தூக்கிப் பார்த்தார். துவண்டு விழுந்தது. "செத்துப் போச்சு" என்றார். பிறகு என்ன காரணமோ என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. உயிர் இருக்கா?"

எல்லா முகமும் என் பக்கம் திரும்பின. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் கேட்டது பயிரைப் பற்றி. பயிரைப் பற்றி எனக்குத் தெரியும்.

"இருக்குங்க" என்றேன். "பதினஞ்சு நாள் குடுங்க. வேர் புடிக்கலேன்னா நானே எல்லாத்தையும் புடுங்கிட்டு, தேயிலைக்குக் குழியும் வெட்டிக் குடுத்துட்டுப் போறேன்."

துரை சிரித்தார். "பதினைஞ்சு நாள். செத்தா, தேயிலை" என்று குதிரையைத் திருப்பினார். கங்காணி மட்டும் ஆட்களிடம் குச்சிக் கட்டை அங்கேயே வரப்பில் போட்டுவிட்டு வரச் சொன்னார்.

ஆடி பிறந்தது. ஊரில் வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கும். விதைக்க நான் இல்லை. இந்த வருஷம் என் நிலம் தரிசு என்று தெரிந்துதான் இருந்தேன். அதை வள்ளியிடம் சொல்லவில்லை.

துரை கெடு கொடுத்த மூன்றாம் நாள் கங்காணியின் கட்டளை வந்தது: ஓடையும் லயத்துப் பீலித் தண்ணீரும் தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தம், பாத்திக்கு ஊற்றக் கூடாது. பீலி என்பது மலைத் தண்ணீர் விழுகிற தூம்பு. சரி என்று மெனிக்கேயின் வயல் வாய்க்காலில் மொண்டு வந்தேன். இறங்கி ஏற ஒரு நாழிகை. ஒவ்வொரு கொடிக்கும் மானாப் புல்லைக் கிள்ளிக் கூரை மாதிரிப் போட்டேன். தோள் புண்ணாகிவிட்டது. நாலாம் நாள் சாயங்காலம் பக்கத்து அறைப் பெண் அரிசி கழுவின தண்ணீரைக் கொண்டுவந்து ஒரு வரிசைக்கு ஊற்றிவிட்டுப் போனாள். "கழுநீருக்கும் கங்காணி கணக்கு வச்சிருக்காரா?" என்றாள். மறுநாள் பத்து அறையிலிருந்தும் கழுநீர் வந்தது. நாங்கள் யாரையும் கேட்கவில்லை.

மேல் வரிசை இரண்டும் காற்றுக்கு முழுக்கக் கருகிவிட்டன. மற்றதில் இலை எல்லாம் உதிர்ந்து தண்டு மட்டும் நின்றது. பத்தாம் நாள் கணுவில் ஒரு பச்சைப் புள்ளி. நான் வள்ளியைக் கூப்பிடவில்லை. அடுத்ததில் பார்த்தேன், அதற்கு அடுத்ததில் பார்த்தேன். அப்புறம்தான் கூப்பிட்டேன்.

பதினைந்தாம் நாள் துரை வரவில்லை. கங்காணி மட்டும் ஆட்களோடு வந்தார். மேல் வரிசையின் கருகலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியாடா, செத்துப் போச்சு" என்றார்.

"கீழ எறங்கிப் பாருங்க" என்றேன்.

இறங்கினார். எள்ளு அளவு இலை வரிசை வரிசையாக விட்டிருந்தது. குனிந்து ஒரு கொடியைப் பிடித்தார். இரண்டு விரலால் இழுத்தார். வரவில்லை. பிரம்பைக் கீழே வைத்துவிட்டுக் கை முழுவதும் சுற்றி இழுத்தார். கொடி பட்டென்று அறுந்து அவர் கையில் வந்தது. வேர் வரவில்லை. அவர் கூட்டி வந்த ஆட்களே குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார்கள்.

லயத்துப் பெண்கள் வேலைக்குப் போகாமல் மேலே வரிசையாக நின்றார்கள். வள்ளி வரப்பிலிருந்து சொன்னாள்: "அறுந்ததத் தூக்கிப் போட்டுறாதீங்க கங்காணியாரே. அந்தக் கருகின எடத்துல ஊனிருங்க. அதுவும் புடிச்சுக்கும்."

கங்காணி அறுந்த கொடியோடு நிமிர்ந்தார். நான் கிட்டே போய்த் துண்டு தோளில் இருக்கிறபடியே கையை நீட்டினேன். கொடியைக் கொடுத்தார். மேல் வரிசையில் கட்டை விரலால் ஒரு குழி போட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நட்டேன். ஆட்கள் குச்சிக் கட்டை வரப்பிலிருந்து தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மேலே ஏறினார்கள்.

நள வருஷம், கார்த்திகை மாதம் ஒன்பதாம் தேதி எழுதியது.